ஏ.சி.க்குள் விழுந்த மஞ்சள் அரிசி

அந்த ஏ.சி.யைக் கெடுத்தவன் நான்தான்!

கெடுத்ததோடு நிறுத்தினேனா? இல்லை. பழியைத் தூக்கி ஒரு தையல் மெஷின் மேல் போட்டேன். மெஷின் மேல் போட்ட பழி, அதை மிதித்துக்கொண்டிருந்தவர் மேல் போய் விழும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு ஒரு பெண்மணி பிறந்த வீட்டை விட்டே வெளியேறினார். இன்றுவரை திரும்பவில்லை.

நீங்கள் யாரோ, எவரோ... உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வரமாட்டேன் என்கிறது.

நான் ஏ.சி. மெக்கானிக். கடலூரில் ஒரு கடையில் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓடும் ஏ.சி.யின் சத்தத்தை வைத்து அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் மூன்று பேர் முட்டி மோதிவிட்டுப் போன மெஷினை அரை மணி நேரத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை... இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பொய் சொல்லக் கூடாது என்றுதானே உட்கார்ந்திருக்கிறேன்! இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

2006ஆம் ஆண்டு, கத்திரி வெயில் தொடங்கிய சமயம். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா செல்வி போன் செய்தாள்.

"டேய் ரவி! கீர்த்தி பெரிய மனுஷி ஆயிட்டாடா! தாய்மாமன் நீதான் வந்து நிக்கணும்!"

கீர்த்தனா அக்காவின் ஒரே பெண். எனக்கு அவள் என்றால் உயிர். போனை வைத்ததும் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பட்டுப் பாவாடை, வளையல், பழம், இனிப்பு... எல்லா தாய்மாமனும் கொண்டுபோகிற சீர்தானே இது? நான் வேறு ஏதாவது செய்ய வேண்டாமா? அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில், அவள் கணவரான என் மாமாவின் சொந்தக்காரர்கள் நடுவில், பிறந்த வீட்டின் பேர் நிற்க வேண்டாமா?

ஏ.சி. வைக்கப்போகிறேன் என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் ஏ.சி. கிடையாது! நினைக்க நினைக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விசேஷ நாள் அன்று கீழவீதிப் பக்கம் இருந்து ஊர்வலம். முன்னால் மேளம், நாதஸ்வரம். பின்னால் இருபத்தொரு தட்டு. அதற்கும் பின்னால், புத்தம் புது ஸ்பிளிட் ஏ.சி.யின் உள் பாகத்தை ஒரு பெஞ்சில் சிவப்புத் துணி விரித்து மல்லாக்கப் படுக்க வைத்து, நான்கு பேர் தோளில் தூக்கி வந்தோம். அதற்கு ஒரு ரோஜா மாலை. நெற்றி எங்கே என்று தெரியாததால் நடுவில் குத்துமதிப்பாக ஒரு குங்குமப் பொட்டு. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது! என் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் போலிருந்தது.

"டப்பாவோடயே வையேன்டா, தூசி படப்போவுது," என்றாள் அக்கா.

"டப்பாவ வச்சா டிவின்னு நெனச்சிடுவாங்கக்கா," என்றேன் நான்.

டப்பாவைப் பிரித்தது நான். வழியெல்லாம் வெறும் மேனியாக அதைத் தூக்கி வரச் சொன்னது நான். அதுவும் போதாது என்று, கூடத்தில் பெஞ்சை இறக்கியதும் அதன் வாயைக் கையால் திறந்து வைத்ததும் நான்தான். குளிர்ந்த காற்று வெளியே வருகிற அந்த நீளமான வாய்... அதன் உள்ளே ஒரு நீள உருளை இருக்கும், உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன இறக்கைகளோடு. அதுதான் ப்ளோயர். அது சுழன்றால்தான் வீட்டுக்குக் காற்று. எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் விரலை நீட்டி விளக்கினேன். ஒரு மெக்கானிக் செய்கிற காரியமா இது? திறந்த வாயோடு மல்லாந்து கிடக்கும் மெஷினை நானூறு கால்களுக்கு நடுவில் வைப்பானா எவனாவது?

நான் வைத்தேன்!

கீர்த்தனாவை மணையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, மஞ்சள் அரிசி தூவி வாழ்த்தினார்கள். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். அவர் கேமரா சீர்ப் பக்கம் திரும்பிய நொடியில் எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை... உரக்கக் கத்தினேன்:

"எல்லாரும் ஏ.சி.க்கும் ரெண்டு அரிசி போடுங்க!"

சிரிப்பு! கைத்தட்டல்! மாமா போட்டார். அக்கா போட்டாள். மாமாவின் பங்காளிகள் வரிசையில் வந்து போட்டார்கள். எண்ணெய் தடவி மஞ்சள் பிசிறிய ஈர அரிசி, பிடி பிடியாகத் திறந்த வாய்க்குள் விழுந்தது. நான் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அத்தனையும் கேமராவில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் சரோஜா அண்ணி இல்லை. மாமாவின் தங்கை அவர். எனக்கு மூத்தவர் என்பதால் அண்ணி என்றே கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து, கூடத்தின் ஓரத்தில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தைத்துச் சம்பாதித்தார். நடன வகுப்புக்குப் போகிற பெண்களின் உடைகளை மடிப்பு பிசகாமல் தைப்பார். கீர்த்தனா மணையில் உடுத்தியிருந்த பாவாடை சட்டை அவர் தைத்ததுதான். நலங்கு நடந்தபோது சமையலறை நிலைப்படி அருகே அவர் நின்றிருந்தார். தாலி இழந்தவர்களை இப்படிப்பட்ட வேளையில் முன்னால் வரவிடுவதில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. அன்றைக்கு எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மறுநாள் நானே ஏ.சி.யைச் சுவரில் மாட்டினேன். மேலாகக் கிடந்த அரிசியைத் தட்டிவிட்டேன். உள்ளே பார்க்க வேண்டுமானால் முழுக்கப் பிரிக்க வேண்டும். வீடு நிறைய சொந்தக்காரர்கள், "எப்ப மாமா போடுவ? எப்ப மாமா போடுவ?" என்று குதித்துக்கொண்டிருக்கும் கீர்த்தனா... யார் பிரிப்பது? ரிமோட்டை அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன்.

காற்று வந்தது! அதோடு நாலைந்து மஞ்சள் அரிசியும் பறந்து வந்து அவள் தலையில் விழுந்தது!

"மெஷினே ஆசீர்வாதம் பண்ணுது பாரு மச்சான்!" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மனசு கணக்குப் போட்டது. வந்தது நாலைந்து... போனது எவ்வளவு?

தானாக வெளியே வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரிசி தானாக வெளியே வருமா? வாயில்லாப் பொருள்தானே, நாம் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் என்று நினைப்பு!

முதல் மாதம் அந்த வீடு திருவிழா மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து போனார்கள். மாமா தன் ஜெராக்ஸ் கடையை மத்தியானம் ஒரு மணி நேரம் சாத்திவிட்டுச் சாப்பிட வரத் தொடங்கினார். சரோஜா அண்ணி ரிமோட்டுக்கு வெல்வெட்டில் ஒரு உறை தைத்துப் போட்டார். "வேர்க்காம தைக்கிறேன் தம்பி. துணியில கறை ஒட்ட மாட்டேங்குது. ஒங்க புண்ணியம்," என்றார். புண்ணியம்! அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு தொடங்கியது சத்தம்.

முதலில் டிக்... டிக்... பிறகு கட கட. அதற்கும் பிறகு சுவரே அதிர்கிற மாதிரி ஒரு நடுக்கம். ஒரு ப்ளோயர் கெட்டால் என்ன, கொஞ்சம் காற்றுக் குறையும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நானும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில்தான் எனக்குப் புரிந்தது... அது ஏ.சி.யோடு நிற்காது. சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று டிவியைக் கூட்டினார்கள். டிவிக்கு மேல் கேட்க வேண்டும் என்று மாமாவும் அக்காவும் கத்திப் பேசினார்கள். ஏ.சி.யை நிறுத்திய பிறகும் அந்தக் கத்தல் நிற்கவில்லை! அதுவே வீட்டுப் பேச்சாகிவிட்டது.

காற்று சரியாகப் போகாததால் உள்ளே பனி கட்டி, உருகி, தண்ணீர் சுவரில் வழிந்தது. சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது. அடியில் ஒரு அலுமினியக் குண்டான் வைத்தார்கள். அது நிறைந்ததா என்று பார்ப்பது யார் வேலை என்று ஒரு சண்டை. நனைந்த பாயை வெயிலில் போடுவது யார் வேலை என்று ஒரு சண்டை. பிறகு அந்த வாடை... ஊசிப்போன சோற்று வாடை! கீர்த்தனாவுக்கு இருமல் பிடித்தது. காலையில் எழுந்தால் பத்து தும்மல். வந்து உட்கார்ந்துவிட்டுப் போன சொந்தக்காரர்கள், மூக்கைத் தேய்த்துக்கொண்டு வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள்.

"நீ வச்ச சீரு ஒடம்புக்கு ஆவலியேடா," என்று அக்கா போனில் அழாத குறை.

போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி முன்மூடியைக் கழற்றி டார்ச்சை உள்ளே அடித்தேன்.

பார்த்தேன்.

ப்ளோயரின் இறக்கைகளுக்கு நடுவில் வரிசையாக அரிசி! ஈரத்தில் ஊறி, உப்பி, கறுப்பாகப் பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று களியாக ஒட்டிக்கொண்டு... சில இடத்தில் மட்டும் இன்னும் மஞ்சள் தெரிந்தது. என் இரண்டு கைப்பிடியும் அதில் இருந்தது.

"என்னா மச்சான்? என்னா ஆச்சு?" என்றார் மாமா கீழேயிருந்து.

ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. அரிசி! சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிரித்திருப்பார்கள். பங்காளிகள் ஒரு மாதம் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான்! ஆனால் அந்த நொடியில் என் கண் முன்னால் வந்தது அந்த ஊர்வலம். "எல்லாரும் ஏ.சி.க்கும் ரெண்டு அரிசி போடுங்க" என்று கத்திய என் முகம். ஊர் ஊராக ஏ.சி. பார்க்கிறவன், அக்கா மகளுக்கு வைத்த சீரைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டு வந்து மாட்டினான் என்ற பேச்சு. பெண்ணை வாழ்த்திப் போட்ட அரிசி அழுகிக் கிடக்கிறது என்றால் அபசகுனம் என்பார்களே என்றும் ஒரு யோசனை வந்தது. அது பிறகு நான் தேடிக்கொண்ட சாக்கு. முதலில் வந்தது மானம்தான்.

ஸ்டூலிலிருந்து கீழே பார்த்தேன். சரோஜா அண்ணி மெஷினில் குனிந்திருந்தார். அவர் காலடியில் வெட்டுத் துணி, நூல் துணுக்கு. நான் கையில் வைத்திருந்த வடிகட்டியிலும், அதாவது தூசியைப் பிடிக்கிற அந்த வலையிலும், பச்சையும் ஊதாவுமாகப் பஞ்சு படிந்திருந்தது. படியத்தான் செய்யும்! அந்த வலையின் வேலையே அதுதான். எந்த வீட்டு வலையைக் கழற்றினாலும் பஞ்சு இருக்கும். குழாயில் காட்டினால் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

அதைத் தூக்கி மாமாவிடம் காட்டினேன்.

"நூல் தூசி மாமா. தையல் மெஷின்லேருந்து பறந்து போயி உள்ள அடச்சிக்கிச்சி."

மெஷின் மிதிக்கும் சத்தம் நின்றது. அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மெக்கானிக் சொல்லும்போது யார் என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கே அரிசியை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை விட்டு நோண்டினேன். அவசரம்... மாமா பார்த்துவிடுவாரோ என்ற பயம்... டக்கென்று ஒரு சத்தம். இறக்கைகளில் இரண்டு உடைந்தன! இறக்கை உடைந்த உருளை சமனாகச் சுற்றாது. இனி அதைக் கழுவியும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் பழையதைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு மூடியை மாட்டினேன்.

"இப்ப சரியாயிடும் மாமா. நூலு மட்டும் படாம பாத்துக்குங்க."

மறு வாரமே தையல் மெஷின் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குப் போனது. வெயிலில் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அளவு கொடுக்க வந்த பெண்கள் ஒருமுறை வந்தார்கள். மறுமுறை வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அண்ணியின் வியர்வை பட்டு ஒரு நடன உடையில் சாயம் இறங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் ஏ.சி. சத்தம் குறைந்ததா? எப்படிக் குறையும்! இறக்கை உடைந்த உருளை முன்னைவிட அதிகமாகக் குதித்தது. மாமா ஒவ்வொரு வாரமும் போன் செய்வார். நான் ஒவ்வொரு முறையும் அதே பாட்டைப் பாடினேன்: துணி மூட்டை உள்ளே இருக்குமே மாமா... அவங்க புடவையில ஒட்டிக்கிட்டு வரும் மாமா...

எப்படி வாய் வந்தது எனக்கு? யோசித்துப் பார்க்கிறேன். முதல் பொய்க்குத்தான் கஷ்டப்பட்டேன். மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது!

2007 கோடையில் ஒரு நாள் நான் அங்கே இருந்தபோதே வெடித்தது. கீர்த்தனாவுக்கு விடாத இருமல். மாமா கொட்டகை வாசலில் போய் நின்று கத்தினார்.

"ஒன் நூலு தின்னுட்டு எம் பொண்ணு இருமுறா! போதும்மா! இந்த மெஷின் இருக்கற வரைக்கும் இந்த வூடு உருப்படாது!"

"மெஷினா, நானாண்ணா?" என்று கேட்டார் சரோஜா அண்ணி.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானும்தான்... நான் மூன்றடி தூரத்தில், கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தேன்.

மறுநாள் அண்ணி தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போனார். செம்மண்டலத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை கிடைத்தது. கீர்த்தனாவுக்கு அத்தை என்றால் அம்மாவுக்கு ஒரு படி மேல். தலை பின்னிவிடுவது, சாப்பாடு கட்டுவது எல்லாம் அத்தைதான். வண்டி தெரு முனை திரும்பும்வரை அவள் கூடவே ஓடினாள். இருமிக்கொண்டே ஓடினாள்.

இதற்கு மேல் ஒருவன் என்ன பாவம் செய்ய முடியும் என்கிறீர்களா? செய்தேன்!

அண்ணி போன மறு மாதம் எனக்கு மனசு அரித்தது. கடையில் ஒரு புது ப்ளோயர் வாங்கிக்கொண்டு சிதம்பரம் போனேன். மாமா கடையிலும் அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டும் இருந்த நேரமாகப் பார்த்துப் பழையதைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, புதியதை மாட்டினேன். உள்ளே தண்ணீர் தேங்கும் தட்டை நன்றாகத் துடைத்தேன். சுவிட்சைப் போட்டேன். ஆகா... என்ன ஓட்டம்! ஒரு முணுமுணுப்பு இல்லை. பனிக்காற்று மாதிரி சில்லென்று வந்தது. என்னையும் மீறிச் சந்தோஷப்பட்டேன். இனி வீடு சரியாகிவிடும், அண்ணியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், எல்லாம் முடிந்தது என்று துள்ளினேன். முட்டாள்!

மாமா சாப்பிட வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். கூடத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. அக்காவைக் கூப்பிட்டார்.

"பாத்தியா செல்வி! மெஷின் போன ஒரே மாசம். ஏ.சி. தானா சரியாயிடுச்சி. மச்சான் அன்னிக்கே சொன்னான்!"

என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

புரிகிறதா உங்களுக்கு? அண்ணி குற்றவாளி என்பதில் இருந்த ஒரே சந்தேகத்தையும் நானே துடைத்துவிட்டேன்! கீர்த்தனாவின் இருமலும் நின்றது. அதுவும் அண்ணி கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு ஆண்டுகள் ஓடின. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனால் அந்தச் சடங்கு சி.டி.யை எடுத்துப் போடுவார்கள். நான் கத்துகிற இடம் வரும். எல்லோரும் அரிசி போடுகிற இடம் வரும். இதோ கண்டுபிடிக்கப் போகிறார்கள்... இதோ! எல்லோரும் சிரிப்பார்கள். "மாமா நீ அன்னிக்கி செம ஜாலி!" என்பாள் கீர்த்தனா. சாட்சி அவர்கள் வீட்டு ஷெல்ஃபிலேயே கிடந்தது. படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

2011 முடிகிற நேரத்தில் 'தானே' புயல் வந்தது. கடலூரை அது என்ன பாடு படுத்தியது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். முந்திரி, பலா, மின்கம்பம் எல்லாம் விழுந்து கிடந்தது. செம்மண்டலத்தில் அண்ணியின் அறைக் கூரை பறந்துவிட்டது என்று யாரோ சொல்லி மாமா காதுக்குப் போயிருக்கிறது. எனக்குப் போன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"மச்சான்... ஒரே தங்கச்சிடா. நான் கூப்பிட்டா வரமாட்டா. நீ போய்க் கூட்டியா. மெஷினையும் எடுத்துக்கிட்டு வரட்டும். கூடத்துலயே போட்டுக்கட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது! ஐந்து ஆண்டுகளாகக் காத்திருந்த நாள்! விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மனசுக்குள் பாட்டு. அண்ணி வீடு திரும்பப் போகிறார்! நான் எதையும் சொல்லாமலே எல்லாம் சரியாகப் போகிறது!

அண்ணி கூரையில்லாத அறையில் நனைந்த துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். தையல் மெஷினை ஒரு பிளாஸ்டிக் தாளால் போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்கார ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டார். மாமா சொன்னதைச் சொன்னேன்.

"கூடத்துலயே போட்டுக்கவா?" என்றார். "அப்ப ஏ.சி. மறுபடியும் கெட்டுப்போவாதா தம்பி?"

கிண்டல் இல்லை அதில். உண்மையாகவே கேட்டார்.

"என்னால அந்தப் புள்ள ஒரு வருஷம் இருமுச்சி. நான் எப்டி மறுபடியும் அங்க மெஷினப் போடறது? ராத்திரி படுத்தா அந்த இருமல்தான் கேக்குது. வேணாம் தம்பி."

ஐயோ! நான் நினைத்தது என்ன? அநியாயமாகப் பழி சுமத்தினார்களே என்ற கோபத்தில் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று. கோபமே இல்லை! அவர் என்னை நம்பியிருந்தார். தன் நூல்தான் அந்தக் குழந்தையின் நெஞ்சில் போய் அடைத்தது என்று ஐந்து ஆண்டுகள் நம்பிக்கொண்டு, தன்னைத் தானே தள்ளி வைத்திருந்தார்!

என்னால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டேன். எல்லாவற்றையும்... டப்பாவைப் பிரித்தது, வாயைத் திறந்து வைத்தது, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது, இறக்கையை உடைத்தது, புது ப்ளோயர் மாட்டியது.

"நூல் இல்ல அண்ணி. அரிசி. சடங்கு அன்னிக்கு எல்லாரும் போட்டமே, அந்த மஞ்ச அரிசி."

அவர் கையில் இருந்த துணி பாதி பிழிந்தபடி நின்றது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடிப்பார், திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். மெதுவாகக் கேட்டார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் அண்ணி. மாமா, அக்கா, பங்காளிங்க, நானு..."

"நான் போடலியே தம்பி," என்றார்.

அவ்வளவுதான்.

அந்த வீட்டில் அன்றைக்கு அரிசி போடாதவர் ஒரே ஒருவர். போடக் கூடாது என்று நாங்கள் நிலைப்படியில் நிறுத்தி வைத்தவர். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவர் தலையில் போய்க் கைவைத்தேனே... அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை! சத்தியமாகத் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததுதான் பெரிய குற்றமோ?

மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். கிளம்பும்போது மட்டும் சொன்னார்:

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. அவன் வந்து கூப்பிட்டா வரேன்."

எவ்வளவு சின்ன காரியம்! சிதம்பரம் போக வேண்டும். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். போனேன். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். என் வண்டிக்குப் பின்னால் பார்த்தார், யாரும் இல்லை.

"வரலியா மச்சான்?"

நாக்கின் நுனியில் இருந்தது. இதோ சொல்லப்போகிறேன், இதோ... உள்ளேயிருந்து கீர்த்தனா ஓடி வந்தாள். "ரவி மாமா, அத்த எங்க?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தேன். தாய்மாமனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற முகம்.

"வரமாட்டேங்கறாங்க மாமா," என்றேன்.

"பிடிவாதக்காரி," என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் தலையாட்டினேன்.

ஆமாம். தலையாட்டினேன்! கூரை பறந்த அறையில் இருந்தவரைப் பிடிவாதக்காரி என்றபோது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இது 2012. இந்தக் கோடையிலும் அந்த ஏ.சி.க்கு நான்தான் சர்வீஸ் செய்தேன். ரிமோட்டுக்கு அந்த வெல்வெட் உறை இன்னும் இருக்கிறது. மூலையில் மட்டும் நைந்திருக்கிறது. வடிகட்டி வலையைக் கழற்றிக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். மாமா கூடவே வந்து நின்றார். வலையில் பச்சையும் ஊதாவுமாகப் பஞ்சு படிந்திருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். விரலால் ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினார்.

"இன்னமும் நூலு வருதே மச்சான்," என்றார். "மெஷினு போயி அஞ்சு வருஷம் ஆச்சே... இது எங்கேருந்து வருது?"

கேட்டுவிட்டார்! ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவரே கேட்டுவிட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். செம்மண்டலத்தில் ஒருவர், அண்ணன் வந்து கூப்பிடுவான் என்று காத்திருக்கிறார். நான் சொல்லிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சொல்லியும் அண்ணன் வரவில்லை என்று...

நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன். தண்ணீர் சத்தம் பெரிதாக வந்தது. பஞ்சு கழன்று கால்வாயில் ஓடியது.

"என்னா மச்சான், கேக்குதா?" என்றார் மாமா.

வலையை உதறினேன். கேட்காத மாதிரி உள்ளே நடந்தேன்.